ஒரு ‘போயிட்டு வர்றேன்’ கெடுத்த தூக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைக்காலத்தில் நடந்தது இது. ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு, ஸ்பானிஷ் மொழி படிக்கப் போயிருந்தேன். மரக்காணத்துப் பெண் ஒருத்தி ஸ்பானிஷ் படிக்க அவ்வளவு தூரம் போனாள் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. "அங்க நர்ஸ் வேலையா?" என்றுதான் கேட்பார்கள். நானும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். நான் புதுச்சேரியில் கல்லூரி படிக்கும்போது, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று சாயந்தர ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்கிற புத்தி. வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டும் மொழி படிக்க நல்லது என்று வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனி, ஸ்பானிஷ்காரர்களோடு போனில் சரளமாகப் பேச வந்தால் வேலை தருவதாகச் சொன்னது. அதே சமயத்தில் ஒரு உதவித்தொகையும் கிடைத்தது. கோடை முழுக்க அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டும். கடைசியில் ஒரு பேச்சுத் தேர்வு. அதில் தேறினால் வேலை. தேறாவிட்டால், எனக்காக நிறுத்தி வைத்திருந்த கல்யாணப் பேச்சைத் தூசி தட்டி எடுப்பார்கள். ஆகவே அந்தக் கோடையில் என் நாக்கு எப்படியாவது திரும்பியாக வேண்டும்.

கிளம்புகிற அன்று மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் ஒரு கூத்து நடந்தது. சென்னை பஸ் வந்து நின்றது. எனக்கு இருந்த பரபரப்பில், "சரிம்மா, நான் போறேன்" என்று சொல்லி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அம்மா பையை விடவில்லை.

"என்னாது, போறேனா?"

"ஐயோ, பஸ் எடுக்கிறாங்கம்மா."

"எடுக்கட்டும். போயிட்டு வர்றேன்னு சொல்லு. அப்பதான் பைய விடுவேன்."

கண்டக்டர் கம்பியைத் தட்டி, "ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். "போயிட்டு வர்றேன்" என்று சொன்ன பிறகுதான் பை என் கைக்கு வந்தது. பை வந்தாலும் அம்மா முகம் தெளியவில்லை. முதலில் சொன்ன சொல் சொன்னதுதானே. அது விமானம் ஏறும்வரைக்கும் எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. இனிமேல் எங்கே போனாலும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் தங்கிய வீட்டில் ஒரே ஒரு அம்மாதான் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்கு வாய் வரவில்லை. ‘செஞோரா’ என்றேன். நாம் அம்மா, மேடம் என்கிற மாதிரி அது ஒரு மரியாதைச் சொல். அந்த ‘ஞ’ எத்தனையோ வெளிநாட்டு மாணவர்களுக்கு வராதாம். நமக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஞாபகமும் இருக்கும்போது வராமல் எங்கே போகும்? அதே மாதிரி அவர்களுக்கும் ‘ர’ வேறு, ‘ற’ வேறு. இதெல்லாம் சுத்தமாக வந்ததால் முதல் நாளே எல்லோரும் என்னை ஸ்பானிஷ் தெரிந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். உச்சரிப்பு இருந்த அளவுக்கு உள்ளே சரக்கு இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்து மனிதர்கள் பாதி எழுத்தை விழுங்கிப் பேசுகிறவர்கள் வேறு. புரிந்தாலும் புரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவேன்.

வந்த அன்றே இரண்டு சொதப்பல். கூடத்துச் சுவரில் ஒரு ஆணின் படம் மாட்டியிருந்தது. யார் என்று கேட்டேன். கணவர் என்று சொல்லிவிட்டு, "ஸே ஃபுவே" என்றார். ‘போய்விட்டார்’ என்று அர்த்தம். அட, புரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் உடனே, "எப்போ வருவார்?" என்று அழகான உச்சரிப்பில் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். சரி, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது, அவர் சமையலறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் வழுக்கிற தரையில் போய் நின்றேன். "ஸால், ஸால்" என்று கையை வீசினார். ஸால் என்றால் உப்பு. அது நான் முதன்முதலில் படித்த ஸ்பானிஷ் வார்த்தை. பாவம், அவசரமாக உப்பு தேவைப்படுகிறது என்று எட்டி உப்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் திரும்பவும் ஸால் என்றார். நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ‘வெளியே போ’ என்பதற்கும் அதே சொல்தான் என்று மறுநாள் வகுப்பில் தெரிந்தது. உப்பளத்துக்காரிக்கு உப்புதான் முதலில் காதில் விழுந்திருக்கிறது. இதைச் சொன்னபோது செஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் வாரம் அப்படித்தான் நன்றாகப் போனது.

அவருக்கு ஒரு பேக்கரியில் வேலை. ஊர் தூங்கும்போது எழுந்து போய் மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, வெயில் ஏறும்போது வீட்டுக்கு வருவார். எங்கள் அப்பா அம்மாவும் விடிவதற்கு முன்னால் உப்பு வாரப் போகிறவர்கள்தானே, எனக்கு அது பழகின வீடு மாதிரி இருந்தது. நான் வகுப்பு முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சாப்பிடுவோம். சாப்பிட்டதும் அந்த ஊரே ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். அவருக்கு அந்த மதியத் தூக்கம்தான் தூக்கம். அதை விட்டால் வேறு வேளை கிடையாது.

எனக்குத்தான் மதியத்தில் படுத்துப் பழக்கமில்லையே. ஊருக்கு வெளியே உப்பளம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கால் நிற்கவில்லை. தினமும் சாப்பிட்டுவிட்டு அங்கே கிளம்பிவிடுவேன். அதே பாத்தி, அதே வரப்பு, அதே கண் கூசுகிற வெள்ளை. எங்கள் ஊரில் குவியலை ஓலை போட்டு மூடுவார்கள். அங்கே சின்ன மலை மாதிரி திறந்தே கிடந்தது. மழை வந்தால் என்ன செய்வார்கள், தண்ணீரை எப்படித் திருப்புகிறார்கள், கூலியாட்களா மெஷினா என்று வரப்பில் நடந்து நடந்து பார்ப்பேன். அங்கே வேலை செய்கிறவர்களிடம் அரைகுறை ஸ்பானிஷில் கேள்வி மேல் கேள்வி கேட்பேன். திரும்பி வர வெயில் தாழ்ந்துவிடும்.

கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே. ‘அடியோஸ்’ என்று சொல்லலாம்தான். அது ஒரேயடியாக விடைபெறுகிற மாதிரி இருந்தது. ‘அஸ்தா லுவேகோ’ என்று ஒன்று உண்டு, கடைக்காரரிடம்கூடச் சொல்வார்கள். ‘மே போய்’ என்றால் வெறுமே ‘போறேன்’. அதைச் சொல்ல முடியுமா? அம்மா பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. யோசித்து யோசித்து நானே ஒன்றைக் கோத்தேன். அவர்கள் மொழியில் ‘நான் போகிறேன்’ என்பதை ‘போய்’ என்றே சொல்கிறார்கள். எழுதுவது இங்கிலீஷ் ‘வி’ எழுத்தைப் போட்டு. வாய்க்கு வருவது கிட்டத்தட்ட நம்ம ‘போய்’தான். ‘வருகிறேன்’ என்பது ‘பெங்கோ’. நடுவில் ‘இ’ என்றால் ‘உம்’. ஆக, "போய் இ பெங்கோ". போயிட்டு வர்றேன். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம்ம ஊர் ஆள் யாரோ எனக்கு முன்னாலேயே வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் வாசலில் நின்று, "போய் இ பெங்கோ, செஞோரா" என்று கணீரென்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அவரும் சரி என்று தலையசைப்பார்.

என்னிடம் வீட்டுச் சாவி கிடையாது. எனக்கு முன்னால் தங்கிய மாணவன் ஒருவன் சாவியைத் தொலைத்து, பூட்டையே மாற்ற வேண்டி வந்ததாம். அதனால் நான் வந்து மணி அடித்தால் அவர்தான் எழுந்து வந்து திறக்க வேண்டும்.

நாளாக நாளாக செஞோராவின் முகம் மாறியது. நான் மணியில் கை வைத்த உடனே கதவு திறக்கும். கண் சிவந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி வேகமாக ஏதோ சொல்வார். எனக்கு நாலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டுவேன். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்தலாம் போலிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறைந்தது. ஒருநாள் ரொட்டியைக் கருக விட்டுவிட்டதாகவும் பேக்கரியில் திட்டு வாங்கியதாகவும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது அரைகுறையாகப் புரிந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மாணவர்கள் தங்குவதற்கு ஏற்பாடு செய்கிற பெண் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினார். செஞோரா என்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டாராம். கோபமெல்லாம் இல்லையாம், ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாராம். நான் சொன்ன சொல்லில் நிற்பதில்லை என்கிறாராம். சனிக்கிழமை விடுதிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. விடுதியில் இருப்பவர்கள் எல்லோரும் வெளிநாட்டு மாணவர்கள். அவர்களுக்குள் இங்கிலீஷ்தான். அங்கே போய் உட்கார்ந்தால் என் ஸ்பானிஷ் அவ்வளவுதான், தேர்வும் அவ்வளவுதான். அதைவிட, சொன்ன சொல்லில் நிற்காதவள் என்றது சுருக்கென்று தைத்தது. நான் அவரிடம் என்ன சொன்னேன்? எதில் நிற்கவில்லை?

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அந்தம்மாவ நீ என்னா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. சாமி சத்தியமா."

"ஒண்ணும் பண்ணாத பொண்ண யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா? வாய் கீய் காட்டினியா?"

"எனக்கு அவ்ளோ ஸ்பானிஷ் வந்தாதான் வாய் காட்ட முடியும்."

அம்மா விடவில்லை. "வெளிய போவும்போது சொல்லிட்டுதான போற?"

"ஒருநாள்கூட சொல்லாம போனதில்லம்மா. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுதான் படியே இறங்குறேன்."

"அப்ப உம்மேல தப்பில்ல. அவங்களுக்கு வேற ஏதோ கஷ்டம்" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும், துணிமணி அடைக்க அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பினேன். மனசு முழுக்க வருத்தம். ஆனாலும் வாசலில் பழக்க தோஷத்தில், "போய் இ பெங்கோ" என்று சொன்னேன். செஞோரா தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

மதியத்தில் திறந்திருக்கும் ஒரே கடை தெருமுனையில் இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆள். சாமான்களையெல்லாம் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, ஏதோ மறந்துபோன மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு, "போய் இ பெங்கோ" என்றபடி உள்ளே ஓடினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கோத்த வாக்கியம் இவர் வாயில் எப்படி வந்தது? நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! கடைக்காரப் பெண் கையில் எடுத்த சாமானைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். எனக்குப் பின்னால் நின்றவர்களும் முணுமுணுக்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் அந்த ஆள் ஒரு பால் டப்பாவோடு வந்துவிட்டார்.

என் முறை வந்ததும் அட்டைப்பெட்டியை மறந்துவிட்டு, "அவர் சொன்னாரே, அப்படி எப்போ சொல்வாங்க?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவர் விரலைச் சொடுக்கிக் காட்டினார். இதோ, இந்த நிமிஷம் வந்துவிடுவேன் என்றால் அப்படிச் சொல்வார்களாம். இருந்த இடத்திலேயே இரு, நகராதே என்று அர்த்தமாம்.

"சாயந்தரம் வர்றதா இருந்தா?"

"சாயந்தரம் வர்றதுக்கு யாராவது அதைச் சொல்வாங்களா? வீட்டில் இருக்கிறவங்க போலீஸுக்கில்ல போவாங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மதியமும் ‘இதோ வந்துவிட்டேன், நகராமல் இருங்கள்’ என்று ஒரு மனுஷியிடம் சொல்லிவிட்டு, வெயில் தாழும்வரை உப்பளத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உச்சரிப்பு வேறு சுத்தம்! அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். மணியை அடித்ததுமே கதவு திறந்தது. செஞோரா என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சொன்ன மாதிரியே வந்திருந்தேன். அப்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கவனித்தேன். சமையலறை நாற்காலி. செருப்பு மாட்டப் போட்டிருக்கிறார் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் தூங்காமல் விழித்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இலக்கணமெல்லாம் பறந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கோப்பையை வைத்து, இது வீடு என்றேன். உப்பு டப்பாவை எடுத்து, இது நான் என்றேன். டப்பாவைத் தள்ளி நகர்த்தினேன், "போய்". திரும்பக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன், "பெங்கோ". ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் எங்கள் ஊரில் இதுதான், ஒரு வருஷம் கழித்து வந்தாலும் இதுதான் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் உப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் வெறுமே ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டார்.

நான் டப்பாவை மேஜையின் விளிம்புவரைக்கும் தள்ளி, கீழே மறைத்துக்கொண்டேன். வெறுமே போகிறவர் வரமாட்டார் என்றேன். எங்கள் ஊரில் ஒருத்தர் போய்விட்டார் என்று சொன்னால் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "ஸே ஃபுவே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தேன். செஞோராவும் பார்த்தார். "இங்கயும் அப்படித்தான் சொல்வோம்" என்றார்.

தமிழ் பேசுகிற நான், ‘போய்விட்டார்’ என்று ஒரு பெண் கணவர் படத்தைக் காட்டிச் சொன்னபோது, எப்போ வருவார் என்று கேட்டிருக்கிறேன். நம்ம தெருவில் யாராவது சொல்லியிருந்தால் அந்த நொடியே புரிந்திருக்கும். வேற்று மொழி என்றதும் அகராதி அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அதைச் சொன்னார்.

இதே மாதிரி ஒரு வெயில் மதியம். கணவர் ஐஸ் வாங்கிவரத் தெருவுக்கு இறங்கியிருக்கிறார். "போய் இ பெங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல் அது. நம்ம ஊரிலும் வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத யாருக்கும் கடைசி வார்த்தை ‘போயிட்டு வர்றேன்’ ஆகத்தானே இருக்கும். இதோ வந்துவிடுவார் என்று இவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். வேலைக் களைப்பில் தூங்கிவிட்டார். மணிச் சத்தம் கேட்டு எழுந்துபோய்த் திறந்தால் நிற்பது பக்கத்து வீட்டுக்காரி. கணவர் தெருமுனையில் மயங்கி விழுந்து, ஜனங்கள் தூக்கிக்கொண்டு போய், எல்லாம் முடிந்திருந்தது.

"நான் தூங்கிட்டேன்" என்றார் செஞோரா. அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு மதியத் தூக்கம் திரும்ப வரவே ரொம்ப நாளானதாம். வந்த தூக்கத்தை நான் ஒரு சொல்லால் கெடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒருத்தர் வெளியே போனால் அவரால் கண்ணை மூட முடியாது. இதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான், களைத்துப்போய், என்னை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

அவர் ஒரு கேள்வியும் கேட்டார். போயிட்டு வர்றேன் என்று சொன்னால் வந்துவிடுவார்கள் என்றுதானே உங்கள் ஊரில் சொல்கிறீர்கள், அவர் சொல்லிவிட்டுத்தானே போனார் என்றார். நான் மறைத்திருந்த உப்பு டப்பாவை எடுத்துத் திரும்பக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நான் விடுதிக்குப் போகவில்லை. அவரே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு புதுச் சாவி கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இனிமேல் ‘அஸ்தா லுவேகோ’ என்று சொல்லிவிட்டுப் போ, அதற்கு ‘பிறகு பார்க்கும்வரை’ என்றுதானே அர்த்தம், அதிலேயே நீ திரும்பி வந்துவிடுகிறாயே என்று காட்டினார். அட, ஆமாம்! கடைக்காரரிடம்கூடச் சொல்கிறார்களே என்று நான் மதிக்காத சொல் அது. யாரும் யாரிடமும் வெறுமே போய்விடக்கூடாது என்று அவர்களும்தான் நினைத்திருக்கிறார்கள்.

அன்று அப்படிச் சொல்லிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். திரும்பி வந்து சத்தம் போடாமல் கதவைத் திறந்தேன். வாசலில் நாற்காலி இல்லை. உள் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. நல்ல கனமான குறட்டை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு பேச்சுத் தேர்வில் தேறினேன், சென்னை வேலையும் கிடைத்தது. அந்தக் குறட்டை கொடுத்த நிம்மதியை அதெல்லாம் கொடுக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று அவர்தான் காரில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். கார் நின்றதும், பஸ் கிளம்பிவிடப் போகிறது என்று, "ஸால், ஸால்" என்றார். "என்னிடம் உப்பு இல்லையே" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். பஸ் பக்கத்தில் வந்ததும் நான் ஒழுங்காக, "அஸ்தா லுவேகோ, செஞோரா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது எங்களது. உங்களதைச் சொல்லு."

அவரிடம் போய் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? அவர் என் பையைப் பிடித்துக்கொண்டார். மரக்காணத்தில் எங்கள் அம்மா பிடித்த அதே பை, அதே பிடி.

"போய் இ பெங்கோ" என்றேன்.

"சரி, நான் உட்கார்ந்தே காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பையை விட்டார். அது அந்த ஊர் கேலி. சீக்கிரத்தில் நடக்காத காரியத்துக்கு, நின்று கால் வலிக்க வைத்துக்கொள்ளாதே, உட்கார்ந்து காத்திரு என்பார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேலி பண்ணினார். எனக்கு அந்த வாசல் நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

மரக்காணம் வந்து சேர்ந்த பிறகு இந்தக் கதை முழுவதையும் அம்மாவிடம் சொன்னேன். பாவம், தினம் மதியம் தூங்காமல் எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுல என்னாடி இருக்குது? நீ பாண்டிக்கு காலேஜ் போவ சொல்ல நான் தூங்கினேன்னா நெனைக்கிற?"

"நீயா? உப்பளத்திலேர்ந்து வந்ததும் சாப்பிட்டுப் படுத்துடுவியே."

"படுப்பேன். படுத்தா தூக்கம் வந்துடுமா? நீ வர்றேன்னு சொல்லிட்டில்ல போன."

அம்மாவுடையது விடியும் முன்னே எழுந்து உப்பு வாரிவிட்டு வந்த உடம்பு. கல்லூரி விட்டதும் கடற்கரைப் பக்கம் சுற்றிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் ஆடி அசைந்து வந்த நாட்கள் எத்தனையோ. மதியமெல்லாம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. செஞோராவின் கண் சிவப்பைப் பார்க்க நான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

இப்போது சென்னையில் வேலை. நாள் முழுக்க ஸ்பானிஷ்காரர்களோடு போனில் பேசுகிறேன். பேசி முடித்து ‘அஸ்தா லுவேகோ’ என்று வைக்கும்போதெல்லாம் அந்த வீட்டு வாசல் மனசில் வந்து போகும். செஞோராவிடம் சொன்னபடி இன்னும் திரும்பிப் போகவில்லை, ஒருநாள் போகத்தான் வேண்டும். வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் அம்மாவிடம், "போயிட்டு வர்றேம்மா, ரூமுக்குப் போன உடனே போன் பண்றேன், நீ படு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்; ஏனென்றால் நாம் சொல்லிவிட்டு மறந்துபோகிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தர் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு இப்போது தெரியும்.